மயில் கழுத்தில் மாவிலைத் தோரணம்

கோபம் வந்தால் அனுசியா முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவாள். கைகலப்புக்குத் தயாராகிறாள் என்று எண்ணி எதிரே நிற்பவர் ஓரடி பின்வாங்குவதுண்டு. விஷயம் அதுவல்ல. கோபம் ஏறினால் அவளுக்கு முகம் வியர்க்கும், கண்ணாடியில் ஆவி படியும், எதிராளி மங்கலாகிவிடுவார். யாரைத் திட்டுகிறோம் என்று பார்த்துத் திட்டுவதுதான் மரியாதை என்பது அவள் கட்சி.

அந்தக் கண்ணாடி கொஞ்ச காலமாக மூக்கில் தங்குவதே அபூர்வமாகிவிட்டது.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் சூளை அடுக்கிய ஒருவரின் மகள் அவள். சூளைக்குப் போகாமல் உடைந்த பொம்மைகளை, சுடாத குதிரைக் காலையும் பிள்ளையார் தும்பிக்கையையும், பேட்டைப் பிள்ளைகள் பொறுக்கி நாக்கில் ஒட்டவைத்துக்கொண்டு திரிவார்கள். சுடாத பீங்கான் நாக்கைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் டப்பென்று விடும். அந்த விளையாட்டில் அவள்தான் ராணி. பிறகு எம்.ஏ. தமிழ், பி.எட்., ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. பிள்ளைகளுக்கு ஒற்றுப்பிழை திருத்தியே தலையில் முதல் நரை வந்தது.

ஒரு நாள் தாளாளர் அழைத்துக் காபி கொடுத்தார். அந்தப் பள்ளியில் ஆசிரியருக்குக் காபி என்றால் அது பிரிவுபசாரம். "தமிழ்தான டீச்சர், நம்ம பி.டி. சாரே பாத்துக்குவாரு" என்றார். பி.டி. சார் தங்கமான மனிதர். விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேசக்கூடியவர். இனி திருக்குறளும் அந்த விசில் வழியாகத்தான் வரும். அனுசியா கண்ணாடியைக் கழற்றினாள், தாளாளர் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார், வேலை போயிற்று.

கணவர் கோகுலகிருஷ்ணன் வேப்பூரில் நெடுஞ்சாலை ஓரத்துப் பார்சல் ஆபீஸில் இருக்கிறார். பகலெல்லாம் லாரி இரைச்சலில் ஊறுவதால் வீட்டுக்கு வந்ததும் அமைதியை விரும்புகிறவர். அவரிடம் உள்ள ஒரே தத்துவம் ஒரே சொல்லில் அடங்கும்.

"வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க."

"வுடு."

"பி.டி. வாத்தியாராங்க! தமிழுக்கு!"

"வுடு அனுசியா."

அடுப்பில் பால் பொங்கி வழிகிறது என்று சொன்னாலும் அவர் இதையேதான் சொல்லியிருப்பார்.

அவள் விடவில்லை. துபாய், சிட்னி என்று போய்விட்ட தமிழர்களின் பிள்ளைகளுக்குக் கணினி வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒரு நிறுவனம் ஆசிரியர் தேடுவதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தாள். நேர்காணலை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் டி.வி. டிஷ் குடைக்கும் நடுவே குந்தியபடி செல்போனில் கொடுத்தாள். அவள் குடியிருப்பில் ஓரளவாவது சிக்னல் அந்த இடத்தில்தான் வந்து இறங்கும். மறுமுனையில் இருந்த பெண் சிரித்தாள்: "உங்க தமிழ் அருமை மேடம். உங்க சிக்னல்தான் எழுத்துக்கூட்டிப் படிக்குது. வீட்டுக்கு ஃபைபர் லைன் போட்டுடுங்க. வர்ற புதன்கிழமை சாயங்காலம் பிள்ளைங்களோட ஒரு சோதனை வகுப்பு. அது நிக்காம ஓடுனா வேலை உங்களுக்கு. நின்னுச்சுன்னா, சாரி மேடம்."

அவ்வளவுதான் நிபந்தனை. தலைமுடியை விட மெல்லிசான ஒரு கண்ணாடி இழை, தெருக்கம்பத்திலிருந்து இரண்டாம் மாடிக்கு வரவேண்டும். நிலாவுக்கு ராக்கெட் விடும் நாட்டில் இது ஒரு வேலையா என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் மயூரா அபார்ட்மென்ட்ஸில் குடியிருந்ததில்லை.

மயூராவைக் கட்டியவர் பூபாலன். பீங்கான் பொம்மைத் தொழிற்சாலை முதலாளி. கட்டியவரும் அவரே, குடியிருப்போர் சங்கச் செயலாளரும் அவரே. கடைசி மாடியில் மனைவி திரௌபதியோடு குடியிருக்கிறவரும் அவரே. மனுக் கொடுப்பவர் மட்டும்தான் வேறு ஆள். கட்டடத்தின் முகப்பில், தரையிலிருந்து மொட்டை மாடி வரைக்கும் தம் தொழிற்சாலையில் சுட்ட பீங்கான் ஓடுகளால் ஒரு மயிலைப் பதித்திருந்தார். தோகை மூன்று மாடிக்கு விரிந்திருக்கும். கழுத்து சரியாக அனுசியாவின் பால்கனி ஓரமாக வளைந்து போகும். காலையில் அவள் காபி குடிக்கும்போது அந்த மயில் ஒற்றைக் கண்ணால் டம்ளரையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மயிலின் மேல் ஒயர் போகக்கூடாது. அது சங்கத்தின் முதல் விதி. "எல்லா ஒயரும் சுவத்துக்குள்ள வெச்சிருக்கிற பைப்பு வழியாத்தான். ஃபாரின் ஸ்டைலு" என்பார் பூபாலன். மற்ற வீட்டார் ஜன்னல் விளிம்பில் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு வாழப் பழகிவிட்டார்கள். ஆகவே அந்தக் குழாயை யாரும் சோதித்ததில்லை.

வெள்ளிக்கிழமை அறிவழகன் வந்தான். இணைய நிறுவனத்தின் லைன்மேன். கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆள். ஒயர்ச் சுருளைத் தோளில் மாலையாகப் போட்டிருந்தான். கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் குழாயின் வாயைத் தேடினான். வாய் இல்லை. இருந்த இடத்தில் கட்டியாக ஏதோ பூசி அடைத்திருந்தது. தட்டி உடைத்துவிட்டு, குழாய்க்குள் விடும் நீளமான ஸ்டீல் கம்பியை விட்டான். முழங்கை நீளம் போய் முட்டிக்கொண்டது. இரண்டாம் மாடிக்கு ஏறி, அனுசியாவின் வீட்டுச் சுவர்ப் பெட்டியைத் திறந்து மேலிருந்து கீழே விட்டான். அங்கேயும் அப்படியே. மேல்பக்கமாக விட்டால் மட்டும் மொட்டை மாடி வரை சரசரவென்று போயிற்று.

"அக்கா, அடைப்புன்னா ஒரு எடத்துல அடைச்சிருக்கும்" என்றான், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "இது அடைப்பு இல்ல. கீழேருந்து உங்க வூடு வரைக்கும் உள்ள எதுவோ குடியிருக்குது."

அனுசியா பூபாலனிடம் ஏறினாள்.

"பைப்பு இருக்குதே டீச்சர்" என்றார் அவர்.

"அடைச்சிருக்குது சார்."

"அடைச்சிருந்தாலும் இருக்குதுல்ல?"

"இருந்து என்ன சார் பிரயோஜனம்? ஒயரு போவல."

"அது ஒயரோட பிரச்சனை. நான் பைப்பு வெக்கிறேன்னு சொன்னேன், வெச்சேன்."

"அப்ப கம்பத்துலேருந்து மொட்ட மாடிக்கு ஏத்தி மேலேருந்து எறக்கிக்கிறேன், இல்லாட்டி நேரா பால்கனிக்கு இழுத்துக்கிறேன் சார். கண்ணுக்கே தெரியாது."

"மயிலு மேலயா?" மகளைப் பெண் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பின்பக்கச் சுவத்துல?"

"அங்க மகாலட்சுமி வரப்போறா. டிசைன் ரெடி ஆயிட்டுது."

அனுசியா கண்ணாடியைக் கழற்றினாள். உள்ளே விடமாட்டாராம், ஏனென்றால் அடைத்திருக்கிறது. வெளியே விடமாட்டாராம், ஏனென்றால் உள்ளே குழாய் இருக்கிறது. இப்படி ஒரு நியாயத்தை யமனிடம் சொன்னால் அவனே எருமையிலிருந்து இறங்கி உட்கார்ந்துவிடுவான். சுவருக்குள் பொய்யைப் பதித்து, அதன்மேல் மயிலை ஒட்டி, அதற்குச் சதுர அடிக் கணக்கில் விலையும் வாங்கிக்கொண்ட மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கேட்க வந்தவள் நின்றுகொண்டிருக்கிறாள்.

"சத்தம் போடாதீங்க டீச்சர்" என்றார் பூபாலன். "யாரு அடைச்சாங்கன்னு கண்டுபிடிச்சிக்கிட்டு வாங்க. ஆக்சன் எடுத்துரலாம்."

ஆசிரியையிடம் அப்படிச் சொல்லக்கூடாது. கடைசி பெஞ்சில் ராக்கெட் விட்டவனைக் காகித மடிப்பை வைத்தே பிடித்தவள் அவள்.

வீடு வீடாக ஏறி இறங்கினாள். பின்னால் அறிவழகன், ஸ்குரூடிரைவரோடு. முதல் மாடியில் சுவர்ப் பெட்டிக்குள் வெள்ளையாக இறுகிக் கிடந்தது. "சுண்ணாம்புக்கா" என்றான் அவன். கடைசியாகத் தரைத்தளத்துக்கு வந்தார்கள். பெரியம்மாளின் வீடு.

பெரியம்மாள் கம்மாபுரம் பக்கத்துக்காரி. நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. கிடைத்த பணத்தில் மகன் இந்த வீட்டை வாங்கி அம்மாவைக் குடிவைத்துவிட்டுச் சென்னைக்குப் போனான். ஆனால் மயூராவில் அவள் வீட்டுக்கு வேறு பெயர்: சாமி வீடு. கூடத்துச் சுவரில், டி.வி. ஒயருக்காக வைத்த பெட்டியின் விளிம்பிலிருந்து திருநீறு கொட்டுகிறது. அதற்கு மேலே ஊர்க் கோயில் பழமலைநாதர் படம், பக்கத்தில் குத்துவிளக்கு, கீழே ஒரு பித்தளைத் தட்டு. திங்கள்கிழமை சாயங்காலமானால் மயூரா முழுக்கப் பட்டுப்புடவையில் அங்கே இறங்கும். முதலில் வருகிறவள் திரௌபதி.

அறிவழகன் செருப்பை வாசலிலேயே கழற்றினான். ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டான். கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"இதைத்தாம்பா தொறக்கணும்" என்றாள் அனுசியா.

"என்னால ஆவாதுக்கா. கம்பெனில வேணா கம்ப்ளைண்ட் பண்ணிக்குங்க. சாமி மேல நான் ஸ்குரூடிரைவர் வெக்க மாட்டேன்."

"அது பிளாஸ்டிக் பொட்டிப்பா."

"பொட்டிக்குள்ள யாரு இருக்காங்கன்னு நமக்கென்ன தெரியும்?"

பெரியம்மாள் தட்டை நீட்டினாள். வந்தவர்க்கு முதலில் திருநீறு, பேச்சு பிறகு. அனுசியா ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டாள். பழக்கதோஷத்தில் மிச்சத்தை வாயில் போட்டாள்.

நாக்கைப் பிடித்துக்கொண்டது.

திருநீறு நாக்கில் கரையும், கொஞ்சம் கரிக்கும். இது ஒட்டியது. குதிரைக் காலும் பிள்ளையார் தும்பிக்கையும் ஒட்டிய அதே ஒட்டு. பேட்டை ராணிக்கு அதில் சந்தேகமே வரவில்லை. ஊரே இந்த மண்ணில் புரண்டு எழுகிறது. சட்டையில் பட்டால் தட்டிவிடுகிறது. அதே மண் சுவருக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது.

"இது எப்பப்ப வரும் அத்தை?" நாக்கை மெல்ல விடுவித்துக்கொண்டு கேட்டாள்.

"எப்பவும் கொஞ்சம் உதிரும். நவராத்திரி முடிஞ்சா பாலாட்டம் வடியும். அப்பறம் காஞ்சி திருநீறாயிடும்."

அனுசியா படிகளில் ஓடினாள். மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. நவராத்திரிக்கு முன்னால் திரௌபதி அங்கே கொலு பொம்மை வகுப்பு நடத்துவாள். கணவரின் தொழிற்சாலையிலிருந்து பீங்கான் மண்ணைக் கூழாகக் கரைத்து டிரம்மில் கொண்டுவந்து, அச்சில் ஊற்றிப் பொம்மை எடுக்கக் கற்றுக்கொடுப்பாள். மிச்சக் கூழை என்ன செய்வாள்? கொட்டகைக்குப் பக்கத்திலேயே தரையிலிருந்து ஒரு குழாய் தலைநீட்டிக்கொண்டிருந்தது. அது ஒயர்க் குழாயின் மேல்வாய்; திரௌபதி மழைத்தண்ணீர்க் குழாய் என்று நினைத்திருக்கிறாள். அதன் உதட்டைச் சுற்றி வழிந்து காய்ந்த வெள்ளை, பால் குடித்த குழந்தையின் வாயைப்போல. காய்ந்த மண் சுருங்கும்; அந்தச் சந்து வழியாகத்தான் வருடா வருடம் புதுக் கூழ் பெரியம்மாள் வீடு வரை வடிந்திருக்கிறது.

கீழ்வாயை அடைத்தது யாரென்றும் இப்போது புரிந்தது. கிரகப்பிரவேசத்தன்று பூபாலன் தம் கையால் அங்கே மண் பூசியதை அவளே பார்த்திருக்கிறாள். எலி ஏறுமாம். சூளைக்காரர்களுக்குத் திறந்த ஓட்டை ஆகாது. காற்று புகுந்தால் சரக்கெல்லாம் வெடித்துவிடும் என்று பயந்து பயந்து, எந்த ஓட்டையைக் கண்டாலும் கை தானாக மண்ணைத் தேடும். கணவன் கீழே அடைத்தார். மனைவி மேலே ஊற்றினாள். இருவருமாகச் சேர்ந்து, வருடா வருடம், தங்கள் வாழ்நாளின் மிகப்பெரிய பீங்கான் பொம்மையை வார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையிலிருந்து இரண்டாம் மாடி வரை உயரம். கண் மூக்கு வைக்காதது ஒன்றுதான் குறை.

அனுசியாவுக்கு வந்த கோபத்தில் ஒரு சந்தோஷமும் கலந்திருந்தது. பள்ளி அவளை வெளியே அனுப்பியபோது கையில் ஆதாரம் எதுவும் இல்லை, காபிதான் இருந்தது. இப்போது ஆதாரம் இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கிறது. திங்கள்கிழமை பூஜையில், பட்டுப்புடவைகளுக்கு நடுவில், திரௌபதியின் நெற்றியைக் காட்டிச் சொல்லவேண்டும்: நீங்கள் பூசியிருப்பது நீங்கள் கொட்டியது. பிறகு பூபாலன் மயில் மேல் மட்டுமா, தம் தலை மேலேயே ஒயரைக் கொண்டுபோகச் சொல்வார். படியிறங்கும்போதே பேச்சுக்கு முன்னுரை, முடிவுரை எல்லாம் தயாராகிவிட்டன.

பெரியம்மாளிடம் முதலில் சொல்லிவிடுவதுதான் முறை என்று பட்டது. அறிவழகன் வேறு வழி கிடைத்தால் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அத்தை, தப்பா நெனைக்காதீங்க. இது திருநீறு இல்ல" என்று தொடங்கினாள்.

"பீங்கான் மண்ணு" என்றாள் பெரியம்மாள்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"நாலு ஏக்கரு மண்ண கையில அளைஞ்சவ நானு. எது மண்ணு எது சாம்பலுன்னு எனக்குத் தெரியாதாம்மா?" விளக்கின் திரியைத் தூண்டினாள். "இங்க வந்த புதுசுல இந்தக் கதவ பால்காரன வுட்டா ஒரு நாதி தட்டாது. படியில எதுக்க வந்தாக்கூட செல்போனப் பாத்துக்கிட்டே போவாளுவ. ஒருநாளு செவுத்துல வெள்ளையா வடிஞ்சிது. ஒயுகுதுன்னு சொல்லத்தான் பூபாலன் பொண்டாட்டியக் கூப்புட்டேன். அவ பாத்தா. 'ஐயோ, சாமி!'ன்னு காலுல வுழுந்துட்டா. எங்காலுலயும் சேத்து. நான் என்னத்தச் சொல்றது?"

"சாமி இல்லன்னு சொல்லியிருக்கலாமே அத்தை."

"சொல்லியிருக்கலாம். மறுநாளு சுண்டலு கொண்டாந்தா. அதுக்கடுத்த நாளு மொத மாடிக்காரி வந்தா. எனக்குக் காச்சலு வந்தப்ப நாலு வூட்டுலேருந்து கஞ்சி வந்துது டீச்சரம்மா. எம் மவன் போன்ல விசாரிச்சான், அவ்ளதான்." தட்டைத் துடைத்து நேராக வைத்தாள். "நீ சொல்லிப்புடு. நான் வேணாங்கல. ஒனக்குப் பொழப்பு முக்கியம். என்ன ஆயிடப்போவுது, பழையபடி கதவச் சாத்திக்கிட்டுக் கெடப்பேன்."

அனுசியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். இது அநியாயத்திலும் அநியாயம். குற்றவாளி யாரென்று தெரிகிறது, சாட்சியம் கையில் இருக்கிறது, நாக்கில்கூட இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னால் அடிபடப்போவது பூபாலன் அல்ல. அவர் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுவிட்டு மகாலட்சுமி டிசைனைப் பார்க்கப் போய்விடுவார். திங்கள்கிழமை விளக்கு அணையப்போவது இந்தக் கூடத்தில். சொல்லாவிட்டாலோ புதன்கிழமை அவள் வேலை போகும், தொடங்கும் முன்பே. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் அவளுக்குப் புதிது. கண்ணாடியைக் கழற்றினாள், இந்த முறை கண்ணையும் துடைக்க வேண்டியிருந்தது.

பெரியம்மாள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஒனக்கு இன்னாதான் வோணும்? இந்தப் பைப்பு தொறக்கணுமா, ஒயரு மேல போவணுமா?"

"ஒயரு போனாப் போதும்."

"அந்த மயிலு மேல ஒயரே கட்டுனதில்லையா அந்தாளு?"

"எங்க அத்தை! ஆணி அடிச்சாலே அழுவாரு."

"சாமிக்குன்னா?"

அனுசியா நிமிர்ந்தாள். மாசி மகம் நெருங்கிக்கொண்டிருந்தது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சீரியல் விளக்குகள் ஏறத் தொடங்கிவிட்டன.

"பொய் சொல்லச் சொல்றீங்களா அத்தை?"

"நான் என்னிக்கு வாயத் தொறந்து பொய் சொன்னேன்? சாமின்னு நானா சொன்னேன்? அவளுவதான் சொல்றாளுவ. நீ போயி சோத்த ஆக்கு."

திங்கள்கிழமை சாயங்காலம் பட்டுப்புடவைகள் இறங்கின. பெரியம்மாள் தட்டை எடுக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று திரௌபதி பதறினாள்.

"ஒடம்புக்கு இன்னா தாயி. வூட்டுக்குள்ள வந்து குந்தியிருக்கிறவருக்கு மாசி மகத்துக்குக்கூட ஒரு தோரணம் இல்ல. கம்பத்துலேருந்து அந்த மயிலு கழுத்து வரைக்கும் ஒரு சீரியல் செட்டு, ஒரு மாவிலை. நமக்கு ஏது அந்தக் குடுப்பின? மயிலு மேல ஒயரே கூடாதுன்னு சட்டம் இருக்குதே." ஒரு பெருமூச்சு. "போவட்டும். அவரு பாத்துக்குவாரு."

கடைசி இரண்டு சொற்களில் 'அவர்' யார், எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பதை அவள் விளக்கவில்லை. திரௌபதி விளங்கிக்கொண்டாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசி மாடிக்கு ஏறிய வேகத்தில் கொலுசு சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது.

சற்று நேரத்தில் பூபாலன் அனுசியாவின் வாசலில் நின்றார். இந்த முறை நின்றுகொண்டிருந்தது அவர்.

"டீச்சர், ஒரு உதவி. நாளைக்கு சாமிக்குத் தோரணம் கட்டுறோம். கம்பத்துலேருந்து இழுத்தா ஒரு முனை உங்க பால்கனி கிரில்லுலதான் வந்து நிக்கும். பிளக்கும் உங்க வூட்டுலதான் போடணும். பெரிய மனசு பண்ணணும்."

அனுசியா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். இப்படிப்பட்ட முகத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டாமா?

"மயிலு மேல ஒயரு போவக்கூடாதுன்னு விதி இருக்குதே சார்."

"அது ஒயரு இல்ல டீச்சர். தோரணம்."

"உள்ள ஒயருதான சார் ஓடுது?"

"உள்ள எது ஓடுனா என்ன டீச்சர்? வெளிய மாவிலைதான தெரியுது?"

"சரி சார். மாசி மகம் முடிஞ்சதும் அவுத்துருவீங்களா?"

"ஐயையோ! வீட்டுக்காரி அதெல்லாம் அவுக்கக்கூடாதுன்னுட்டா. சாமி இருக்கிற வரைக்கும் தோரணமும் இருக்கும்."

சாமி இருப்பார். நவராத்திரி தவறாமல் வருகிறதே, திரௌபதி தவறாமல் ஊற்றுகிறாளே.

"இன்னொண்ணு சார். தோரணத்தோட மெல்லிசா இன்னொரு இழை வரும். அதுவும் வெளிய தெரியாது."

பூபாலன் அவளைப் பார்த்தார். மயில் பக்கம் பார்த்தார். மேல் மாடியிலிருந்து திரௌபதியின் குரல் வந்தது: "கேட்டீங்களா? சம்மதிச்சாங்களா?"

"வரட்டும் டீச்சர்" என்றார்.

செவ்வாய்க்கிழமை அறிவழகன் வந்தான். பிளாஸ்டிக் மாவிலைகளுக்கு நடுவே ஒயரைப் பின்னி, கம்பத்திலிருந்து இழுத்து, மயிலின் கழுத்தில் கொக்கி வைக்கத் துளை போட்டான். ஓடு ஒன்று விரிசல் விட்டது. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பூபாலன் வலி தன் கழுத்தில் இருப்பதுபோல் முகத்தைச் சுளித்தார்; ஆனாலும் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஒடைஞ்சிட்டுதே சார்" என்றான் அறிவழகன் பயந்துபோய்.

"சாமி காரியம். நீ இழு."

வேலைக்காக ஒருத்தி வாய்விட்டுக் கேட்டபோது நகராத மயில் அது. வேலையைப் பறிகொடுத்தவள், இரண்டாம் முறை பிழைக்க வழி தேடுகிறவள், வீட்டுக்கு முழு விலை கொடுத்தவள். அவளுக்கு இல்லாத வழி, காய்ந்த கூழுக்குத் திறந்துகொண்டது. இந்த ஊரில் நியாயம் கேட்டுப் போகிறவர்கள் இனி மனுவோடு ஒரு மாவிலையையும் செருகிக்கொண்டு போவது நல்லது.

புதன்கிழமை சாயங்காலம் ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. அனுசியா மேசைமுன் உட்கார்ந்திருந்தாள். கோகுலகிருஷ்ணன் சீக்கிரம் வந்து, இருமல்கூட வராமல் சமையலறையில் ஒடுங்கியிருந்தார். வகுப்பு தொடங்கும் நேரத்துக்குப் பெரியம்மாள் படியேறி வந்து, மூச்சு வாங்கியபடி அவள் நெற்றியில் ஒரு பட்டை இழுத்துவிட்டுப் போனாள்.

திரையில் ஒவ்வொன்றாக முகங்கள் வந்தன. அனுசியா ஆரம்பித்தாள். ஆரம்பித்ததும் எல்லாம் மறந்தது. நொண்டிக் காக்கைக் கதை சொன்னாள், ல-ள-ழவுக்கு நாக்கை எங்கே மடிப்பது என்று வாயைத் திறந்து காட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஓரத்தில் உட்கார்ந்து கவனித்த நிறுவனத்துப் பெண் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

துபாயிலிருந்து ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "டீச்சர், உங்க பின்னாடி ரெட்டும் கிரீனுமா லைட் எரியுதே, உங்களுக்கு பர்த்டேவா?"

"இல்லம்மா. அது எங்க வீட்டு இன்டர்நெட்."

"டீச்சர், நெத்தியில என்ன ஒயிட்டா?"

அனுசியாவின் கை நெற்றிக்குப் போயிற்று. திருநீறாக இருந்தால் இந்நேரம் உதிர்ந்திருக்கும். இது காய்ந்து தோலை இறுக்கிப் பிடித்திருந்தது. ஃபாரின் ஸ்டைல் குழாய் வழியாக அவளுக்கென்று வந்து சேர்ந்தது இது ஒன்றுதான். யார் அடைத்தது, யார் ஊற்றியது, யாருடைய காலில் யார் விழுந்தது என்று எல்லாம் தொண்டை வரை வந்தது. கண்ணாடியில் ஆவி படியத் தொடங்கியது. கழற்றினாள். எதிரே பூபாலன் இல்லை. காத்திருக்கும் சின்ன முகங்கள்.

"அதை வுடு கண்ணு" என்றாள் அனுசியா.

சமையலறை வாசலில் கரண்டியோடு ஒரு தலை எட்டிப்பார்த்தது, யாரோ தன்னைக் கூப்பிட்டது மாதிரி.